மூன்று நிமிட வேகம், மூன்று நிமிட நிதானம்!

‘ஹிட்’ என்று ஜிம்களில் சுருக்கமாக அழைக்கப்படும் தீவிர இடைவெளிப் பயிற்சி, இளவட்டங்களுக்கு மட்டும் உரியதல்ல. இதய நோயாளிகள், சர்க்கரை நோயாளிகள், எழுபது வயதைத் தாண்டியவர்கள் என்று பலரும் மருத்துவக் கண்காணிப்பில் செய்து பலன் கண்ட பயிற்சி இது. அதை எப்படித் தொடங்குவது?

நார்வேயின் ட்ரோன்ஹைம் நகரில் இருக்கிறது அந்த நாட்டின் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அதன் ஆய்வுக்கூடத்தில், சற்றே ஏற்றமாகச் சாய்த்து வைத்த டிரெட்மில்லில் நடந்தவர்களின் சராசரி வயது 75. எல்லோரும் மாரடைப்பைச் சந்தித்து, இதயத்தின் பம்ப் செய்யும் திறன் வெகுவாகக் குறைந்துபோனவர்கள். நம் வீடுகளில் அப்படி ஒருவர் இருந்தால், “படி ஏறாதீங்க, வெயிட் தூக்காதீங்க, சும்மா உட்காருங்க” என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உல்ரிக் விஸ்லோஃப் தலைமையிலான ஆய்வாளர்களோ, அவர்களில் ஒரு பிரிவினரை மூச்சு வாங்க வாங்க நடக்கச் சொன்னார்கள்.

மொத்தம் 27 பேர், மூன்று பிரிவுகள். முதல் பிரிவினர் சீரான வேகத்தில் நடந்தார்கள். இரண்டாம் பிரிவினர் நான்கு நிமிடம் வேகமாக, பிறகு மூன்று நிமிடம் நிதானமாக என நான்கு சுற்றுகள் நடந்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான மருத்துவ ஆலோசனை மட்டும். 12 வாரங்கள் கழித்து அளந்து பார்த்தபோது, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் சீரான நடைக்காரர்களுக்கு 14 சதவிகிதம் கூடியிருந்தது. விட்டு விட்டு வேகமாக நடந்தவர்களுக்கு 46 சதவிகிதம் கூடியிருந்தது. 2007-ல் ‘சர்குலேஷன்’ மருத்துவ இதழில் வெளியான இந்த முடிவு, இதய மருத்துவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது.

கதை அதோடு முடியவில்லை. ஐரோப்பாவின் ஒன்பது மருத்துவ மையங்களில் 261 பேரைக் கொண்டு இதே ஆய்வைப் பெரிய அளவில் செய்தார்கள். 2017-ல் வெளியான அந்த முடிவில், இரண்டு பயிற்சிகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதயத் துடிப்புப் பதிவுகளைப் புரட்டியபோது ஒரு விஷயம் தெரிந்தது. ‘வேகமாக’ நடக்க வேண்டியவர்களில் பாதிப் பேர் சொன்ன வேகத்தை எட்டவில்லை. ‘மிதமாக’ நடக்க வேண்டியவர்களில் பெரும்பாலானோர் அதைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் புலப்படும். தக்க கண்காணிப்பு இருந்தால், நோயுற்ற முதியவராலும் இந்தப் பயிற்சியைச் செய்ய முடியும். ஆனால், ‘எனக்கு எது வேகம்’ என்று அவரவர் உடலை வைத்து அளக்கத் தெரிந்தால்தான் அதற்குப் பலன் உண்டு.

நம் ஊரில் பலர் தொடங்கும் விதம் இதற்கு நேர்மாறானது. செல்போனில் ‘நாலே நிமிஷத்தில் கொழுப்பு கரையும்’ என்று ஒரு வீடியோ ஓடும். பல வருஷமாக நாற்காலியிலேயே கழிந்த உடம்பு, முதல் நாளே பர்ப்பியும் ஜம்ப் ஸ்குவாட்டுமாகத் துள்ளும். மறுநாள் காலை கழிவறையில் உட்கார்ந்து எழ முடியாது, அடுத்த நாள் முழங்கால் வலிக்கும், அதற்கடுத்த நாள் பயிற்சியே நின்றுபோகும். பழி பயிற்சியின் மேல் விழும்.

நிலைமையை அலட்சியமாக விட்டுவிடவும் முடியாது. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நடந்து 2014-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இந்தியாப்’ ஆய்வில், பங்கேற்றவர்களில் 54.4 சதவிகிதம் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று தெரியவந்தது. அதே ஆய்வுத் தொடரின் 2023-ம் ஆண்டு அறிக்கை, நாட்டில் சர்க்கரை நோயாளிகளின் எண்ணிக்கையை 10.1 கோடி என மதிப்பிட்டது. ‘நேரமில்லை’ என்று சொல்லும் இத்தனை பேருக்கும் குறைந்த நேரத்தில் பலன் தரும் ஒரு வழி இருக்கிறது என்றால், அதைப் பாதுகாப்பாகக் கற்றுக்கொடுப்பது அவசியம்.

ஓடுகளத்தில் பிறந்த முறை

தீவிர இடைவெளிப் பயிற்சி நேற்று முளைத்ததல்ல. 1930-களில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில், பயிற்சியாளர் வால்டமர் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டலும் சேர்ந்து இதற்கு ஒரு கணக்கு வகுத்தார்கள். இதயத் துடிப்பு 180-ஐ ஒட்டி ஏறும்வரை ஓட்டம், அது 120-க்கு இறங்கும்வரை ஓய்வு, பிறகு மறுபடியும் ஓட்டம். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக், 1939-ல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடிகளில் ஓடி உலக சாதனை படைத்தார். அடுத்து வந்தார் செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஜாடோபெக். 400 மீட்டர் ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடிப் பழகியவர். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றார்.

இன்று ஜிம் சுவர்களிலும் செயலிகளிலும் அடிபடும் ‘டபாட்டா’, ஜப்பானிய விஞ்ஞானி இஸுமி டபாட்டாவின் பெயர். ஜப்பானின் ஸ்பீடு ஸ்கேட்டிங் அணிக்குப் பயிற்சியாளர் கொடுத்துவந்த பயிற்சியை அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். 20 விநாடி உச்ச வேகத்தில் சைக்கிள் மிதிக்க வேண்டும், 10 விநாடி ஓய்வு. இப்படி ஏழெட்டுச் சுற்றுகள். ஆறு வாரங்களில் ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன் கூடியதோடு, ஆக்சிஜன் போதாத நிலையிலும் தசை உழைக்கும் திறன் 28 சதவிகிதம் உயர்ந்தது. வாரத்தில் ஐந்து நாள் ஒரு மணி நேரம் மிதமாக மிதித்தவர்களுக்கு அந்த இரண்டாவது திறன் கூடவில்லை. 1996-ல் இது வெளியானது.

அந்த 20 விநாடியில் அவர்கள் மிதித்தது, உடலின் உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டு அளவைப்போல 170 சதவிகிதத் தீவிரத்தில். அதைத் தாங்கியவர்கள் நன்கு பயிற்சி பெற்ற இளைஞர்கள். வீட்டு ஹாலில் 20 விநாடி கை காலை அசைத்து, 10 விநாடி நின்றுவிட்டு அதை ‘டபாட்டா’ என்று அழைத்தால், அந்த ஆய்வில் கிடைத்த பலனை எதிர்பார்க்க முடியாது. புதிதாகத் தொடங்கும் ஒருவர் அதே தீவிரத்துக்கு முயல்வதும் கூடாது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

சாதாரணமாக நடக்கும்போது இதயம் தன் முழுத் திறனையும் காட்டத் தேவையில்லை. வேகம் கூடி மூச்சிரைக்கத் தொடங்கும்போது, ஒவ்வொரு துடிப்பிலும் அதிகமான ரத்தத்தை வெளியே தள்ள வேண்டிய கட்டாயம் வருகிறது. அந்தக் கட்டாயத்தைப் பல நிமிடங்கள் தொடர்ந்து தாங்க முடியாது. நடுவே நிதானம் புகுந்தால், மறுபடியும் மறுபடியும் அந்த நிலையை எட்டலாம். நார்வேயின் யான் ஹெல்கெருட் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரம் ‘நாலுக்கு நாலு’ (நான்கு நிமிட வேகம், நான்கு சுற்றுகள்) பயிற்சி செய்த ஆரோக்கியமான இளைஞர்களுக்கு, ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு சுமார் 10 சதவிகிதம் கூடியிருந்தது.

தசைக்குள்ளும் மாற்றம் நடக்கிறது. தீவிரமாக உழைக்கும் தசை, தன்னிடம் சேமித்து வைத்த கிளைக்கோஜனை வேகமாகச் செலவழிக்கிறது. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட ரத்தத்தில் உள்ள சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கிறது. நாளடைவில், சக்தியைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் செல்லுக்குள் பெருகுகின்றன. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலா குழுவினர் பல வருடங்களாக ஆராய்ந்துவருவது இதைத்தான்.

அவர்களின் 2016-ம் ஆண்டு ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத ஆண்களில் ஒரு பிரிவினர் 45 நிமிடம் மிதமாக சைக்கிள் மிதித்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு மொத்தமே 10 நிமிடம்தான். அதற்குள் மூன்றே முறை, தலா 20 விநாடி, முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். மீதி நேரமெல்லாம் வார்ம்-அப், மெதுவான மிதி, கூல்-டவுன். வாரத்துக்கு மூன்று நாள் என 12 வாரம் நடந்தது. இரு பிரிவினருக்கும் ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன் ஒரே அளவில், 19 சதவிகிதம் உயர்ந்தது. இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மையும் ஏறக்குறைய ஒரே மாதிரி மேம்பட்டது.

தொடங்குபவர்களுக்கு மாட்சுமோட்டோ வழி

இத்தனை ஆய்வுகளில், தமிழ்நாட்டில் இதுவரை எதுவும் செய்யாமல் இருந்த ஒருவர் நாளைக் காலையே கையில் எடுக்கக்கூடிய முறை ஜப்பானின் மாட்சுமோட்டோ நகரிலிருந்து வந்தது. ஷின்ஷு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோஷி நோஸே, நடுத்தர வயதினருக்கும் முதியவர்களுக்கும் இதை வகுத்துக் கொடுத்தார். மூன்று நிமிடம் வேக நடை, மூன்று நிமிடம் மெது நடை, ஐந்து சுற்றுகள். மொத்தம் 30 நிமிடம், வாரத்துக்கு நான்கு நாள்.

ஐந்து மாதம் பின்பற்றியவர்களின் முடிவுகள் 2007-ல் வெளியாயின. முழங்காலை நீட்டும் தசையின் வலு 13 சதவிகிதமும், மடக்கும் தசையின் வலு 17 சதவிகிதமும் கூடியிருந்தன. ரத்த அழுத்தமும் இறங்கியிருந்தது. தினமும் 8,000 அடிகளுக்குக் குறையாமல் மிதமான வேகத்தில் நடந்த மற்றொரு பிரிவினருக்கு இந்த அளவுக்குப் பலன் இல்லை. வாசல் படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுபவர்களுக்கு இந்தத் தொடை வலு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நடை எப்படி இருக்கும்? ஒரு பள்ளி மைதானத்தையோ வண்டி அதிகம் வராத தெருவையோ எடுத்துக்கொள்ளலாம். காலில் பிடிமானமான ஷூ, நேரம் பார்க்க ஒரு கடிகாரம் போதும். முதல் ஐந்து நிமிடம் சாதாரண நடை. பிறகு முழங்கையை மடக்கிக் கைகளை வீசி, அடிகளைச் சற்று நீட்டி வைத்து வேகம் கூட்ட வேண்டும். முதல் நிமிடம் சுலபமாகத் தோன்றும். இரண்டாவது நிமிடத்தில் தன் மூச்சுச் சத்தம் தன் காதில் விழும், கெண்டைக்கால் இறுகும். மூன்றாவது நிமிடத்தில் பக்கத்தில் வருபவர் ஏதாவது கேட்டால், இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பதில் சொல்ல முடியாது. அந்தத் திணறல்தான் அளவுகோல். முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் போதவில்லை. ஒரு வார்த்தைகூட வரவில்லை என்றால், வேகம் மிதமிஞ்சிவிட்டது.

கடிகாரம் மூன்று நிமிடத்தைக் காட்டியதும் வேகத்தைக் குறைக்க வேண்டும். நடையை நிறுத்தக் கூடாது. திண்ணையைப் பார்த்ததும் உட்காரத் தோன்றும். ஆனால், வேகமாக ஓடிய ரத்தம் கால்களிலேயே தேங்கினால் தலை சுற்றும் என்பதால் மெதுவாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். மூன்று நிமிட முடிவில் பேச்சு இயல்பாக வர வேண்டும். இந்த மெதுநடை, அடுத்த வேகத்துக்கு உடலைத் தயார்செய்யும் பயிற்சியின் சரிபாதி. மூன்றாவது சுற்றிலேயே கால் பின்வாங்கினால், முதல் சுற்றில் அளவுக்கு மீறி விரைந்துவிட்டார் என்று பொருள். அடுத்த நாள் தொடக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வயதை 0.7-ஆல் பெருக்கி, அதை 208-லிருந்து கழித்தால், உச்சத் துடிப்பின் உத்தேச அளவு கிடைக்கும். 45 வயதுக்காரருக்கு இது சுமார் 176. அதில் 85 சதவிகிதம் என்றால் சுமார் 150. ஆனால், பிரஷருக்காக பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மாத்திரையே துடிப்பைக் குறைத்து வைத்திருக்கும். அவர்களுக்கு மேலே சொன்ன பேச்சுச் சோதனைதான் நம்பகமானது.

12 வாரத் திட்டம்

மூன்று நிமிட வேகத்துக்குப் படிப்படியாக ஏறலாம்.

1 முதல் 2 வாரம்: வாரத்துக்கு மூன்று நாள். ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் நிதானம், ஆறு சுற்றுகள்.

3 முதல் 4 வாரம்: இரண்டு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் நிதானம், ஐந்து சுற்றுகள்.

5 முதல் 8 வாரம்: மாட்சுமோட்டோ முறைப்படி மூன்றுக்கு மூன்று, ஐந்து சுற்றுகள். முடிந்தால் வாரத்துக்கு நான்கு நாள்.

9 முதல் 12 வாரம்: வாரத்தில் ஒரு நாள் மட்டும், மூன்று நிமிட வேக நடைக்குப் பதிலாக ஏற்றமான சாலையில் ஒரு நிமிட விறுவிறு நடையோ சைக்கிளோ, ஒரு நிமிட ஓய்வோடு பத்து முறை. மற்ற நாள்களில் பழைய நடை.

ஒவ்வொரு நாளும் முன்னும் பின்னும் ஐந்து நிமிட மெது நடை கட்டாயம். உடல் ஒத்துழைக்காத வாரத்தைத் திரும்பச் செய்யலாம். குதிக்கும் பயிற்சிகளை, மூட்டும் தசையும் பழகிய பிறகே சேர்க்க வேண்டும். இது தவிர, வாரத்தில் இரண்டு நாள் தசை வலுவுக்கான பயிற்சியையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றிச் செய்யும் புஷ்-அப் போன்றவற்றிலிருந்து அதைத் தொடங்கலாம்.

யார் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்?

நடக்கும்போது நெஞ்சு அழுத்தமோ, காரணமில்லாத மூச்சுத் திணறலோ, மயக்கமோ வந்திருந்தால் முதலில் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. இதய நோய், கட்டுப்படாத பிரஷர், சர்க்கரை, சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களும், 40 வயதைத் தாண்டி முதன்முறையாகத் தீவிரப் பயிற்சியில் இறங்குபவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. தேவைப்பட்டால் அவர் ஈசிஜியோ டிரெட்மில் டெஸ்ட்டோ எடுக்கச் சொல்வார்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தப் பயிற்சி உதவும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 2011-ல் மெக்மாஸ்டர் குழு, டைப் 2 சர்க்கரை நோயாளிகள் எட்டுப் பேருக்கு இரண்டு வாரத்தில் ஆறு முறை, ஒரு நிமிட வேகமும் ஒரு நிமிட ஓய்வுமாகப் பத்துச் சுற்றுப் பயிற்சி கொடுத்தது. அவர்களின் 24 மணி நேரச் சராசரி ரத்தச் சர்க்கரை இறங்கியது. சிறிய ஆய்வுதான் என்றாலும், திசையைக் காட்டியது. ஆனால், இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் ‘லோ சுகர்’ ஆகும் அபாயம் இருக்கிறது. பயிற்சிக்கு முன்பும் பின்பும் குளுக்கோமீட்டரில் பார்ப்பதும், சட்டைப்பையில் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருப்பதும் அவசியம். சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்கள், கண் மருத்துவர் சம்மதிக்காமல் தீவிரப் பயிற்சியில் இறங்கக் கூடாது.

பழகாத உடலை முதல் நாளே வதைத்தால், தசை நார்கள் சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும் ‘ராப்டோமயோலிசிஸ்’ வரலாம். பயிற்சிக்குப் பிறகு கடுமையான தசை வலியும் வீக்கமும், கோலா நிறத்தில் சிறுநீரும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நம் வெயில் இந்த ஆபத்தைக் கூட்டும். சித்திரை, வைகாசியில் சூரியன் ஏறும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது. காய்ச்சலோ சளியோ இருக்கும் நாளில் ஓய்வு எடுங்கள்.

எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது?

பயிற்சி முடிந்த பிறகும் நாள் முழுக்கக் கொழுப்பு எரிந்துகொண்டே இருக்கும் என்று பல விளம்பரங்கள் சொல்கின்றன. பயிற்சிக்குப் பிறகு உடல் சற்றுக் கூடுதலாக ஆக்சிஜன் எடுப்பது உண்மைதான். ஆனால், அதனால் செலவாகும் சக்தி, பயிற்சியின்போது செலவானதோடு ஒப்பிட்டால் சிறு பங்குதான். உடல் கொழுப்பைக் குறைப்பதில் இதுவும் சீரான பயிற்சியும் ஏறக்குறைய சமம் என்றே ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. சாப்பாட்டைக் கவனிக்காமல் எடை மட்டும் இறங்கிவிடாது.

ஆயுளைப் பற்றிய கேள்விக்கும் நார்வேயிலிருந்தே ஒரு பதில் வந்தது. ட்ரோன்ஹைமில் 70 முதல் 77 வயது வரையிலான 1,567 பேரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ‘ஜெனரேஷன் 100’ ஆய்வு 2020-ல் வெளியானது. கண்காணிக்கப்பட்ட பயிற்சி பெற்ற பிரிவினருக்கும், வழக்கமான ஆலோசனை பெற்ற பிரிவினருக்கும் இடையே இறப்பு விகிதத்தில் புள்ளிவிவரப்படி உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஒப்பீட்டுப் பிரிவினரே நன்றாக உடற்பயிற்சி செய்துவந்தவர்கள் என்பது அதற்கு ஒரு காரணம். இந்தப் பயிற்சியால் நம்பி எதிர்பார்க்கக்கூடியது, படி ஏறினால் மூச்சு இரைக்காத உடலும், வலுவான தொடையும், கட்டுக்குள் வரும் சர்க்கரையும்.

பயிற்சி என்று நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கும் இதில் இடம் இருக்கிறது. பிரிட்டனில் உடற்பயிற்சியே செய்யாத 25,241 பேரின் கையில் அசைவுமானி கட்டி ஆராய்ந்த முடிவு 2022-ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியானது. பஸ்ஸைப் பிடிக்க விரைவது, படிகளில் வேகமாக ஏறுவது போல ஓரிரு நிமிடத் தீவிர அசைவு ஒரு நாளில் மூன்று முறை இருந்தவர்களிடம், அதுவே இல்லாதவர்களைவிட இதய நோயால் இறக்கும் அபாயம் சுமார் 48 சதவிகிதம் குறைவாகக் காணப்பட்டது. ஒன்றுக்கொன்று தொடர்பு இருப்பதைத்தான் இது காட்டுகிறது. இதுதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. என்றாலும், லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மூன்று மாடி ஏறிவிடலாம் என்று நினைப்பதற்கு இது போதுமான காரணம்.

சமையலறைக்கும் வேலைக்கும் இடையே ஓடும் பெண்களுக்கும், பத்தாம் வகுப்போடு விளையாட்டு நின்றுபோகும் பெண் பிள்ளைகளுக்கும் மைதானம் எளிதில் கிடைப்பதில்லை. அதை மனத்தில் வைத்து, சென்னையின் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ‘தாண்டவ்’ என்ற பெயரில் 10 நிமிட நடனப் பயிற்சியை உருவாக்கியது. தீவிர இடைவெளிப் பயிற்சியின் ஏற்ற இறக்கத்தை நடன அசைவுகளில் கொண்டுவந்த முறை இது. வளரிளம் பெண்களிடம் நடத்திய ஆய்வில் உடலியக்கமும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டதாக அந்தக் குழு 2022-ல் தெரிவித்தது. பள்ளிகளின் பி.டி. வகுப்பில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்க எந்தச் செலவும் இல்லை.

அரசு செய்யக்கூடிய இன்னொன்றும் இருக்கிறது. 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின்கீழ், மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நிமிடம் நடந்தால் 300 மீட்டர்; 4 கிலோமீட்டர் வேகத்தில் 200 மீட்டர். அந்தப் பாதைகளில் 300 மீட்டருக்கு ஒரு பச்சைப் பலகை, அடுத்த 200 மீட்டருக்கு ஒரு மஞ்சள் பலகை என மாற்றி மாற்றி நட்டால், கடிகாரமோ செயலியோ மாஸ்டரோ இல்லாமல், நடக்க வரும் எவரும் ஐந்து சுற்றை இரண்டரைக் கிலோமீட்டரில் முடித்துக்கொள்ளலாம். தொடக்கப் பலகையிலேயே பேச்சுச் சோதனையையும், டாக்டரைப் பார்க்க வேண்டியவர்களின் பட்டியலையும் தமிழில் எழுதி வைக்கலாம். ஒரு மாவட்டத்தில் முயன்று பார்த்தால் மற்ற மாவட்டங்கள் தாமாகவே கேட்டு வாங்கும்.